பாய்மர உச்சி விளக்கு: வாசகர் கேள்விகளும் விடைகளும்

செட்டிநாட்டு ஊர்கள் எதிலும் மாடியில் ஏறி நின்றால்கூடக் கடல் தெரியாது. ஆயினும் தொண்டிப் பக்கம் சிறிய பாய்ப்படகு ஒன்றை நிறுத்திவைத்து, விடுமுறை நாளில் போய்ப் பாய் விரித்துவிட்டு வரும் அன்பர்கள் நம் வாசகர்களிடையே சிலர் இருக்கிறார்கள் என்பது இம்முறை வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. கடிதங்கள் அனைத்தும் படகின் வழிச்செலுத்து விளக்குகளைப் பற்றியவையாக இருப்பதால், அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: என்னுடைய 26 அடிப் பாய்ப்படகின் பாய்மர உச்சியில் சிவப்பு, பச்சை, வெள்ளை ஆகிய மூன்று நிறங்களையும் ஒரே கூட்டிலிருந்து காட்டும் மூவண்ண விளக்கு இருக்கிறது. இந்த ஆண்டில் இரண்டு முறை பல்பை மாற்றிவிட்டேன். மாற்றியவுடன் எரிகிறது, சில நாட்களில் அணைந்துவிடுகிறது. பாய்மரத்தைக் கையால் தட்டினால் மறுபடியும் எரிகிறது. நீடித்து உழைக்கும் பல்பு எது? — வாசகர், தேவகோட்டை

விடை: தட்டினால் எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இழை அறுந்த பல்பு தட்டினால் உயிர் பெற்று நாள்கணக்கில் எரிவதில்லை. எனவே பல்பின் மீது பழி போடுவதை நிறுத்திவிட்டு, பல்பைத் தாங்கும் ஹோல்டரையும் அதற்கு வரும் வயரையும் பாருங்கள். உச்சி விளக்கில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை செம்பும் பித்தளையும் உப்புக் காற்றில் களிம்பேறுவதால் வருபவை என்பது என் அனுபவம்.

நம் வீட்டு இரண்டாம் கட்டில் அடுக்கிவைத்திருக்கும் பித்தளைப் பாத்திரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். புளிக்குழம்பு வைக்கும் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசாவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்த ஆச்சியும் சொல்லுவார். படகில் புளிக்குப் பதில் உப்பு, அவ்வளவுதான். ஹோல்டரின் பித்தளை முனையில் பச்சைக் களிம்பு படிந்ததும் அந்த இடத்தில் மின்தடை கூடுகிறது. 12 வோல்ட்டில் 25 வாட் பல்பு ஏறத்தாழ 2.1 ஆம்பியர் இழுக்கும். வழியில் அரை ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரு வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். இழை பல்பின் ஒளி, வோல்ட்டு குறையும் விகிதத்தைவிடப் பலமடங்கு வேகமாகக் குறையக்கூடியது என்பதால், அந்த ஒரு வோல்ட் இழப்பில் ஒளியின் கால் பங்கு போய்விடும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் உங்களுக்கு விளக்கு எரிவதாகத்தான் தோன்றும். இரண்டு கடல் மைலுக்கு அப்பால் வருகிற விசைப்படகுக்காரருக்கு அது தெரியாமல் போகலாம்.

கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முன் பாய்மரத்தில் ஏற வேண்டாம். முதலில் பாட்டரியிலும் பியூஸிலும் வோல்ட்டைப் பாருங்கள். அடுத்து, பாய்மரத்தின் அடியில் மேல்தளத்தை ஒட்டி இருக்கும் இணைப்பைத் திறந்து, விளக்கின் சுவிட்சைப் போட்டு, வயர்களைக் கழற்றாமலேயே மல்டிமீட்டரால் அங்குள்ள வோல்ட்டை அளக்க வேண்டும். கழற்றாமல் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். மின்னோட்டம் இல்லாதபோது களிம்பேறிய மோசமான இணைப்புகூட மீட்டரில் முழு 12 வோல்ட்டைக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். சுமை ஏறும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். அடியிணைப்பில் வோல்ட்டு குறைவாக இருந்தால் கோளாறு கீழே இருக்கிறது. அங்கு முழு வோல்ட்டும் வந்து, விளக்கும் எரியாமலிருந்தால் கோளாறு மேலே. அப்போது வயர்களைக் கழற்றி, மேலே செல்லும் இரண்டு வயர்களுக்கும் இடையிலான தடையை அளக்கலாம். 25 வாட் இழை பல்பு சூடாகாத நிலையில் ஒரு ஓமுக்கும் குறைவான தடையையே காட்டும். மீட்டர் முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. எண் ஏறி இறங்கி ஆடினால், உங்கள் படகைப் போல ஏதோ ஒரு தொடுமுனை தளர்ந்தோ களிம்பேறியோ இருக்கிறது.

நானும் இதே தவற்றைச் செய்தவன். இரண்டு முறை உச்சிக்கு ஏறிப் புதுப் பல்பு போட்டேன். மூன்றாம் முறை ஏறுவதற்குச் சோம்பல்பட்டு அடியிணைப்பைத் திறந்தபோதுதான் அதற்குள் அரைக் கரண்டி உப்புத் தண்ணீர் தேங்கியிருந்ததைக் கண்டேன். வயர் மேலிருந்து நேராக இணைப்புப் பெட்டிக்குள் இறங்கியதால் மழைநீர் வயரின் மேலேயே வழிந்து உள்ளே போயிருக்கிறது. வயரைப் பெட்டிக்குக் கீழே ஒருமுறை தொங்கலாக வளைத்து, பிறகு மேல்நோக்கி உள்ளே நுழைத்தால் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். ஒரு சாண் வயர் கூடுதலாக ஆகும். அந்த ஒரு சாணை மிச்சம் பிடித்துத்தான் நான் இரண்டு முறை ஏறினேன்.

கோளாறு மேலே என்று உறுதியானால், ஒரே ஏற்றத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஹோல்டரின் தொடுமுனைகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சுருள்வில் தளர்ந்திருந்தால் ஹோல்டரையே மாற்றி, பல்பைப் பொருத்தியபின் தொடுமுனைகளின் மேல் சிலிக்கோன் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். கூட்டின் ரப்பர் வளையம் விறைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். விளக்கின் தாங்கியைப் பிடித்திருக்கும் திருகுகள் துருப்பிடிக்காத எஃகு, பாய்மரம் அலுமினியம். இரண்டும் உப்பு நீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போய்த் திருகு அசையாமல் இறுகிவிடும். ஆகவே இடையே நைலான் வளையமோ, உலோகங்களைப் பிரித்துவைப்பதற்கென்று விற்கும் பசையோ இருக்க வேண்டும்.

வயரையே மாற்ற நேர்ந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு வயரை வாங்குங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் செய்கிற அதே காப்பை இங்கே ஒவ்வொரு மெல்லிய இழைக்கும் தொழிற்சாலையிலேயே செய்திருப்பார்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கும் வெறும் செம்பு வயரைப் போட்டால், மேலுறையை எங்கே சீவினாலும் உள்ளே கறுத்துப்போயிருப்பதை ஓரிரு ஆண்டுகளில் காண்பீர்கள். காரைக்குடிக்காரர்களுக்கு உலோக அரிமானம் புதிய செய்தியல்ல. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட நம் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆய்வகம், கடலரிமானத்தை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. கடற்கரைக் காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பதை அறிய அத்தனை முயற்சி தேவைப்படுகிறது என்றால், ஒரு பல்பு ஹோல்டர் எம்மாத்திரம்?

வயரின் தடிமனையும் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். பாய்மரத்துக்குள் 10 மீட்டர், படகுக்குள் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போக வர 30 மீட்டர். 2.1 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.7 வோல்ட்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.4 வோல்ட்டும் குறையும். வழிச்செலுத்து விளக்குகளுக்கு 3 சதவீத இழப்பே எல்லை என்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். ஆகவே இழை பல்பைத் தொடரப்போகிறவருக்கு 2.5-கூடச் சற்றே குறைவுதான். பழைய வயரை உருவி எறிந்துவிடாதீர்கள். அதன் நுனியில் புது வயரையும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டி இழுத்தால் புது வயர் தன் இடத்துக்குப் போய்விடும், அடுத்த தடவைக்கென்று கயிறும் உள்ளே தங்கிவிடும். உச்சியில் வயரின் எடை முழுவதும் திருகு முனையில் தொங்காதபடி அதைத் தனியாக ஒரு பிடியில் கட்டுங்கள். பாய்மரத்தில் வயர் நுழையும் துளைகளில் ரப்பர் வளையம் இல்லையென்றால், அலுமினியத்தின் விளிம்பு கத்தியைப் போல மேலுறையை அறுத்துவிடும்.

கேள்வி: பாட்டரியை மிச்சப்படுத்துவதற்காக மூவண்ண விளக்கின் பழைய பல்பை எடுத்துவிட்டு, இருசக்கர வாகன உதிரிப்பாகக் கடையில் வாங்கிய வெள்ளை எல்.இ.டி. பல்பைப் போட்டேன். பச்சை நிறம் நீலம் பாய்ந்தாற்போல் தெரிகிறது, சிவப்பு மங்கலாக இருக்கிறது. மற்றப் படகுகளோடு பேசும் வி.எச்.எஃப். ரேடியோவிலும் இரைச்சல் கேட்கிறது. இரண்டுக்கும் தொடர்புண்டா? — வாசகர், காரைக்குடி

விடை: மிச்சப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் சரியானதுதான். 25 வாட் இழை பல்பு பத்து மணி நேர இரவில் 21 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். அதே வேலையைச் செய்யும் எல்.இ.டி.க்கு 2 அல்லது 3 ஆம்பியர்-மணி போதும். நீங்கள் வாங்கிய இடம்தான் தவறு.

இழை பல்பின் ஒளியில் எல்லா நிறங்களும் தொடர்ச்சியாக இருக்கின்றன. சிவப்புக் கண்ணாடி அதில் சிவப்பையும் பச்சைக் கண்ணாடி பச்சையையும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தடுத்துக்கொள்ளும். வெள்ளை எல்.இ.டி. அப்படியல்ல. குளிர்வெள்ளை எனப்படும் வகையில் நீலம் மிகுந்தும் சிவப்பு குறைந்தும் இருப்பதால், பழைய கண்ணாடிக்குப் பின்னால் பச்சை நீலம் கலந்தும் சிவப்பு சோகையாகவும் தெரிவது இயல்பே. தனித்தனியான பக்கவிளக்குகள் உள்ள படகில், சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.யையும் பச்சைக்குப் பின்னால் பச்சையையும் போட்டு இதைச் சமாளிப்பார்கள். மூவண்ணக் கூட்டில் ஒரே பல்பு என்பதால் அந்த வழி எளிதல்ல.

நிறத்தைவிடப் பெரிய சிக்கல் கோணத்தில் இருக்கிறது. 1972-இல் ஏற்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த கடல் மோதல் தடுப்புப் பன்னாட்டு விதிகளின்படி, இடப்பக்கச் சிவப்பும் வலப்பக்கப் பச்சையும் படகின் நேர்முன்னிருந்து தத்தம் பக்கத்தில் 112.5 பாகை வரையிலும், பின்புற வெள்ளை 135 பாகையிலும் தெரிய வேண்டும். மூன்றையும் கூட்டினால் 360. எதிரே வருபவர் சிவப்பு மட்டும் தெரிந்தால் உங்கள் இடப்பக்கத்தையும், பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கத்தையும் பார்க்கிறார்; அதை வைத்தே நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்று முடிவுசெய்கிறார். இந்த எல்லைகள் கூர்மையாக வெட்டுப்பட வேண்டுமென்றால், ஒளி கூட்டின் நட்டநடுவில் நெட்டுக்குத்தான ஒரு மெல்லிய கோடு போல இருக்க வேண்டும். பழைய பல்பின் இழை அப்படித்தான் நின்றது. உங்கள் பல்பிலோ சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து ஒளிர்வதால், முன்பக்கத்தில் அகலமான ஒரு பட்டைக்குச் சிவப்பும் பச்சையும் கலந்து தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாய்ப்படகு சாய்ந்தே ஓடும். ஆகவே அதன் விளக்கு கிடைமட்டத்துக்கு மேலும் கீழும் 25 பாகை வரையிலும் குறைந்தது பாதி ஒளியையாவது தர வேண்டும் என்று அதே விதிகளின் பின்னிணைப்பு சொல்கிறது. வாகனங்களுக்காகச் செய்த பல்பில் இதை யாரும் கருதியிருக்க மாட்டார்கள். கச்சான் காற்றில் படகு படுத்து ஓடும்போது ஒரு பக்கத்து ஒளி தண்ணீரையும் மறுபக்கத்து ஒளி வானத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ரேடியோ இரைச்சலுக்கு வருகிறேன். எல்.இ.டி. பல்புக்குள் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சிறு மின்சுற்று வேகமாகத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. மலிவான பல்பில் அதற்கு வடிகட்டி இராது. அதன் இரைச்சல் ஓர் அடி தள்ளி அதே உச்சியில் நிற்கும் ஆண்டெனாவில் நேராக ஏறிவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. நீங்களே சோதிக்கலாம்: விளக்கை அணைத்துவிட்டு, யாரும் பேசாத ஒரு சேனலில் ஸ்குவெல்ச் என்னும் இரைச்சல் அடக்கும் குமிழை இரைச்சல் நிற்கும் விளிம்பு வரை திருப்பி வையுங்கள்; பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் மீண்டும் எழுந்தால் குற்றவாளி விளக்குதான். அந்த இரைச்சலுக்குக் கீழே தொலைவிலிருந்து வரும் ஆபத்து அழைப்பு அமுங்கிப்போகலாம்.

என் பரிந்துரை: பல்பை மட்டும் மாற்றாமல், எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்து முத்திரைச் சான்று பெற்ற மூவண்ண விளக்கை முழுக் கூடாகவே வாங்குங்கள். விலை உறுத்தும். ஆனால் நீங்கள் உச்சிக்கு ஏறும் தடவைகளும் குறையும். 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பின்விளக்கு இரண்டு கடல் மைலும் பக்கவிளக்கு ஒரு கடல் மைலும் தெரிந்தால் போதும் என்பது விதி; கடையில் ‘2 மைல்’ என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள். எல்.இ.டி.யில் நேர்முனை, எதிர்முனை மாறினால் எரியாது என்பதால், உச்சிக்கு ஏறும் முன் தரையிலேயே பாட்டரியில் தொட்டுப் பார்த்து வயரில் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாய் விரித்திருக்கும்போதே இஞ்சினையும் ஓட்டினால் மூவண்ண விளக்கு போதுமா? — வாசகர், பள்ளத்தூர்

விடை: போதாது, கூடவும் கூடாது. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் விதிகளின் கண்ணில் அது விசைப்படகு. உச்சியின் மூவண்ணத்தை அணைத்துவிட்டு, கீழே உள்ள பக்கவிளக்குகளையும் பின்விளக்கையும், பாய்மரத்தின் முன்பக்கம் 225 பாகைக்குத் தெரியும் வெள்ளை விளக்கையும் போட வேண்டும். அந்த வெள்ளை, பக்கவிளக்குகளைவிட ஒரு மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மூவண்ணம் உச்சியில் எரிந்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். பாக் நீரிணையில் இரவில் பச்சைக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் இழுவலைப் படகு, சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் வேறு வகை வலை போட்டிருக்கும் படகு. இரண்டுக்கும் பாய்ப்படகுதான் விலகிப்போக வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு 62 வயதாகிறது. படகில் விளக்கு எரியவில்லை என்றால் தாமே பாய்மரத்தில் ஏறிவிடுகிறார். பலகையைக் கயிற்றில் கட்டி, அதில் உட்காரவைத்து மேலே இழுக்க என்னை அழைத்துப்போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பாதுகாப்பான வழி உண்டா? — வாசகி, கானாடுகாத்தான்

விடை: ஆச்சி அவர்களுக்கு, உங்கள் பயம் நியாயமானது. முதல் யோசனை, ஏறாமலிருப்பதே. 26 அடிக்கு உட்பட்ட பல படகுகளில் பாய்மரத்தின் அடி கீல் போன்ற அமைப்பில் நிற்கிறது. தாங்கு கம்பிகளைத் தளர்த்தி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து அதைப் பின்பக்கமாகச் சாய்த்துவிடலாம். அரை நாள் வேலைதான். சாய்த்துவிட்டால் விளக்கு, ஆண்டெனா, கப்பி எல்லாவற்றையும் தரையில் நின்றபடி பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; அவையெல்லாம் அப்போது மராமத்துக்கு வருவதால் ஆட்கள் கிடைப்பது அரிது. அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறியே தீருவேன் என்றால், சில நிபந்தனைகளை விதியுங்கள். பலகையில் உட்காருவதற்குப் பதில் இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் வார்க்கச்சை அணிய வேண்டும். தூக்குவதற்கு ஒரு கயிறு, காப்புக்கு வேறொரு கப்பி வழியே வரும் இரண்டாவது கயிறு. இரண்டையும் கொக்கியில் மாட்டாமல் முடிச்சுப் போட்டே கட்ட வேண்டும். கொக்கி எதிலாவது உரசினால் திறந்துகொள்ளும். ஏறும் முன் இடுப்பளவு உயரத்தில் தொங்கிக் குலுங்கிப் பார்க்க வேண்டும். கயிற்றை இழுப்பது வின்ச் என்னும் சுழல் உருளையில், அதைக் கட்டிப் பிடிப்பது கிளீட் என்னும் கயிறு கட்டும் கொம்பில். நீங்கள் கையால் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை ஒருபோதும் வரக்கூடாது. காப்புக் கயிற்றுக்கு இன்னொருவர் வேண்டும் என்பதால், நீங்கள் தனியாக நிற்கும் நாளில் ஏற்றம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கருவி ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டி வாளியில் வைக்கட்டும். நேர் கீழே நீங்கள் நிற்காதீர்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்பானரைத் தலை தாங்காது. விசைப்படகுகள் கடந்துபோகும் நேரத்திலும் ஏற வேண்டாம். கீழே கையளவு ஆட்டம் உச்சியில் ஆளளவு ஆட்டமாகிவிடும்.

கேள்வி: விளக்கின் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளடைந்துவிட்டது. தின்னர் போட்டுத் துடைக்கலாமா? — வாசகர், புதுவயல்

விடை: கூடாது. தின்னரும் அசிட்டோனும் பாலிகார்பனேட் என்னும் அந்தப் பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். உப்பு மட்டும் படிந்திருந்தால் நல்ல தண்ணீரும் சோப்பும் போதும். வெயிலில் மஞ்சளடைந்ததும், சிவப்பு வெளிறிப்போனதும் துடைத்தால் வராது, கண்ணாடியை மாற்றுங்கள்.

கேள்வி: என் உறவினர் கோட்டைப்பட்டினத்தில் 6 மீட்டருக்கும் குறைந்த, இஞ்சின் இல்லாத பாய்ப்படகு வைத்திருக்கிறார். பாட்டரியும் இல்லை, விளக்கும் இல்லை. இரவில் போவது குற்றமா? — வாசகர், கோட்டையூர்

விடை: 7 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு, இயன்றால் மற்றவற்றைப் போலவே விளக்குகளைக் காட்ட வேண்டும், இயலாதபோது வெள்ளை ஒளி தரும் டார்ச்சையோ ஏற்றிய லாந்தரையோ கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்ட வேண்டும் என்று விதி இடம் தருகிறது. ‘போதிய நேரம்’ என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இஞ்சின் சத்தம் காதில் கேட்டபிறகு டார்ச்சைத் தேடுவது தாமதம்.

டார்ச்சை எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காமல், உங்கள் பாயின் மேல் அடியுங்கள். புள்ளி வெளிச்சம் தொலைவிலிருப்பவருக்குக் கரையிலுள்ள விளக்கா, படகா என்று புரியாது. ஒளி விழுந்த வெள்ளைப் பாய் பெரிய சீலையைப் போல நெடுந்தூரம் தெரியும், அது பாய்ப்படகு என்பதும் உடனே விளங்கும். அவருடைய இரவுப் பார்வையும் கெடாது. டார்ச் நீர்புகாததாக இருக்கட்டும். அதே அளவில் இரண்டாவது டார்ச் ஒன்றும் வேண்டும். மாற்றுச் செல்களை டப்பாவுக்குள் வைக்கும்போது முனைகள் ஒன்றோடொன்று தொடாதபடி தாள் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை திறந்து களிம்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.